சுண்டைக்காய் அளவில் ஒரு தக்காளி

1

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இப்போது இருக்கிறோம். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், பீலிக் குழாய்த் தண்ணீர் வழிந்தோடும் கான் வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவில், பாய் விரிக்கிற அகலத்துக்குக் கொஞ்சம் மண் உண்டு. அதில் நாலு விதமான குட்டித் தக்காளி காய்க்கிறது. முன்பு ஊரிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவர்கள் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்தபடியாக இந்தச் செடியைப் பற்றிக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து ஆட்களை அனுப்புவதற்குத் தடை வந்து, பிறகு உலகச் சண்டையும் வந்து, இப்போது கேட்க யாரும் வருவதில்லை.

பொங்கலன்று ஒரு சின்னச் சம்பவம். பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் பொங்கிய பொங்கல் இரண்டு கைக்குக்கூட வரவில்லை. தொட்டுக்கொள்ள என் மகள் செல்லத்தாயி பின்பக்கம் போய் மடி நிறையத் தக்காளிப் பழம் பறித்து வந்தாள். வந்தவள், "எங்க ஊர்ல மட்டுந்தான் இந்தப் பழம் இருக்குன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க" என்றாள்.

என் மனைவி பேச்சியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஒங்க ஊரு எதுடி?" என்றாள்.

"இதுதான். வேற எது?"

தேனிப் பக்கத்து மார்க்கையன்கோட்டையில் பிறந்த பெண் செல்லத்தாயி. ஏழு வயது வரை அங்கே வாய்க்காலில் குதித்தவள். இப்போது அம்மா 'சொன்னாக' என்றால் 'சொன்னாங்க' என்று திருத்துகிறாள். சந்தையில் சிங்களப் பெண்களோடு நிற்கும்போது, யார் பேசுகிறார்கள் என்று எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் எனக்குச் சட்டென்று பிடிபடும் ஒரே சொல் தக்காளி. அவர்களும் தக்காளி என்றுதான் சொல்கிறார்கள்.

அவளுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். நீளமாக எழுதினால் விரல் மரத்துப்போகும். ஆகையால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

2

ராயப்பன்பட்டிச் சாமியார் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நாளிலிருந்து நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. கூடலூர் வழியாக மலை ஏறி ஏலக்காட்டில் களை வெட்டினேன். மூணாறில் ரோடு போட்டேன். நடுவில் கல்யாணம் நடந்தது. பிறகு மண்டபம் கேம்ப்பில் ஊசி போட்டுக்கொண்டு கப்பலேறி, தேயிலையில் இரண்டு மூன்று தோட்டம் மாறி, கடைசியில் நுவரெலியாவில் ஒரு துரை பங்களாவில் பூந்தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். அட்டைக்கடி இல்லாத வேலை. சாப்பாடும் பரவாயில்லை.

அந்தப் பங்களாத் துரைசாணிக்குத் தக்காளிப் பைத்தியம். பெரிய பழம் அல்ல. சுண்டைக்காய் அளவிலும் இலந்தைப்பழ அளவிலும் இருக்கும் குட்டிப் பழம். சீமையிலிருந்து விதை வரும். கண்ணாடி வீட்டுக்குள் தொட்டியில் வைத்து வளர்ப்பாள். பழுத்ததும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு பறித்துத் தட்டில் வைத்து, ஒன்றைத் தின்று, தண்ணீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததைத் தின்பாள். வெடித்த பழம் எனக்கு.

நாலு வகை. ஒன்று சிவப்பு உருண்டை. ஒன்று மஞ்சள் உருண்டை. மூன்றாவது மஞ்சளில் குட்டிச் சுரைக்குடுக்கை மாதிரி கழுத்து வைத்தது. நாலாவது மிளகுச் சரம் போலத் தொங்கும், மிளகைவிடச் சற்றே பெரிய சிவப்பு மணி. நாலையும் தின்றிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு குறை இருந்தது. பாதி நாள் பனிமூட்டம் உள்ள ஊரில், கண்ணாடிக்குள் பழுத்த பழம் அது. புளிப்பு உண்டு, வாசனை உண்டு, உள்ளே ஒரு தண்ணித்தனமும் உண்டு. இதைக் கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் வைத்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு நினைப்பு வந்தால் கால் அரிக்கும்.

துரைசாணியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே நாலு வகையிலும் விதை கொடுத்தாள். துரை, மார்கழி முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்று லீவுக் கடிதம் கொடுத்தார். புரட்டாசியில் ஊர் வந்து சேர்ந்தேன். விதை ஒரு காரணம். பேச்சியையும் பிள்ளையையும் கையோடு கூட்டிப்போக வேண்டும் என்பது பெரிய காரணம்.

3

நான் வெளியே திரிந்த வருஷமெல்லாம் பேச்சி தன் அண்ணன் வீரணன் வீட்டில்தான் இருந்தாள். மார்க்கையன்கோட்டையில் வாய்க்கால் ஓரத்து வீடு. முற்றத்தின் ஒரு பக்கம் இவளுக்கென்று ஒரு கூரைச் சாய்ப்பு. வீரணன் நெல்லும் வெங்காயமும் போடுகிற சம்சாரி. அவன் மனைவி ராக்கம்மா, வாய் நீளம், மனசு நல்லது.

வந்த மறுநாள், வீரணனும் இருக்கும்போதே விஷயத்தை எடுத்தேன். "இந்தத் தடவை ஒன்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

பேச்சி எருவாட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எதுக்கா? பொண்டாட்டி புருசன்கூட இருக்கிறதுக்கு."

"அங்கன நீங்க இருப்பீகளா?"

வீரணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "நல்லாக் கேட்டா! மாப்ள, இதுக்குப் பதிலைச் சொல்லிட்டு எந்திரிங்க."

அவளே தொடர்ந்தாள். "ஏலக்காடுன்னீக. ஒரு வருசம் நிக்கல. மூணாறுன்னீக. பெறகு கடலைத் தாண்டிட்டீக. போற எடத்துல எல்லாம் எதையாச்சும் ஊனுறது, அது பூக்கயில அடுத்த ஊருக்குக் கெளம்புறது. இந்தா நிக்கிற முருங்கை நீங்க வச்சது. காயை நாங்க தின்னுக்கிட்டிருக்கோம். இவ வயித்துல இருக்கயில போனீக, பல்லு மொளைச்ச பெறகு வந்தீக. ஊனுனதை ஒரு தடவையாச்சும் நின்னு தின்னுருக்கீகளா?"

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் விலை இறங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் மடியிலிருந்து விதைப் பொட்டலங்களை எடுத்தேன்.

"இது என்ன?"

"தக்காளி. சின்ன சாதி. இங்கன போடலாம்னு கொண்டாந்தேன்."

"எத்தனை மாசத்துல காய்க்கும்?"

"மூணு மாசம்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "அப்ப இருங்க. இதை ஊனி, காய்ச்சதைத் தின்னுட்டு, பெறகு வான்னு கூப்புடுங்க. வாரேன். அதுக்கு முன்னால கால் அரிச்சதுன்னா நீங்க போங்க, நானும் புள்ளையும் அண்ணன் வீட்டு முத்தத்துலயே இருந்துக்கிறோம். அதுக்குப் பெறகு என்னைக்கும் கூப்புடக் கூடாது."

"மூணு மாசம்தான மாப்ள" என்றான் வீரணன். "எங்க மாடு கூட ஒரே கட்டுத்தறியில பத்து வருசமா நிக்கிது."

4

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் தக்காளியை யாரும் மதிப்பதில்லை. குழம்புக்குப் புளி இருந்தது. பெரிய தக்காளியைச் சீமைத் தக்காளி என்பார்கள். தேனிச் சந்தையில் ஒரு மூலையில் நாலு கூடை இருக்கும், மதுரை ஓட்டல்காரர்கள் வாங்கிப் போவார்கள். வீட்டில் வாங்கி வந்தால், "செவத்த சதை" என்று பெண்கள் அடுப்படியில் சேர்க்கமாட்டார்கள். இந்தக் குட்டிச் சாதியை ஒருவரும் கண்டதில்லை.

உடைந்த பானைகளில் கண்மாய் வண்டலைச் சலித்துப் போட்டு விதைத்தேன். ஐப்பசி மழை நின்று நின்று பெய்தது. நாற்றுக்கு மேலே ஓலை மறைப்பு வைத்து எடுத்துக் காப்பாற்றினேன். நாலு இலை வந்ததும் முற்றத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் பாத்தி கட்டி நட்டேன். கோழிக்குப் பயந்து இலந்தை முள் வேலி. வண்டுக்கு அடுப்புச் சாம்பல். ஊன்றுகோலுக்குப் பருத்திமார். ராக்கம்மா அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கு விடுவதா என் செடிக்கு விடுவதா என்று தினமும் ஒரு சண்டை.

இலைக்கும் தண்டுக்கும் நடுவில் வரும் பக்கக் கிளையைக் கிள்ளிவிட வேண்டும் என்று துரைசாணி பழக்கியிருந்தாள். கிள்ளினால் விரல் பச்சையாகிக் கறுக்கும். அதைப் பார்த்து ராக்கம்மா பேச்சியிடம், "காய்க்கிற கெளையை ஒடிக்கிறாக ஒங்க வீட்டுக்காரு. வளர்க்குறாகளா, அழிக்கிறாகளா?" என்றாள். "அவுகளுக்கு எது கெளைச்சாலும் ஆகாது மதினி" என்றாள் பேச்சி.

வேலை காலையில் ஒரு நாழிகையில் முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வது? அதுதான் கஷ்டம். பசி கிடந்திருக்கிறேன், மழையில் படுத்திருக்கிறேன், அட்டை கடித்த கால் புண்ணோடு மலை ஏறியிருக்கிறேன். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத் தெரிந்ததில்லை. ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு கண் விழிப்பது கஷ்டமாக இருந்தது. சின்னமனூருக்கு நடந்து போய்விட்டு வருவேன். அங்கே பஸ் கிடைத்தால் தேனிக்குப் போவேன். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் சின்ன ரயில் அங்கே வந்து நின்று போகும். நான் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ரயில் கிளம்பும்போது கால் தானாக இரண்டு எட்டு எடுத்து வைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி முகத்தைப் பார்ப்பாள். வந்துவிட்டானே என்று ஒரு பார்வை. நம்பிக்கையான பார்வை என்று சொல்லமாட்டேன்.

கார்த்திகை கடைசியில் பூத்தது. மஞ்சள் பூ, கவிழ்ந்த நட்சத்திரம் மாதிரி. மார்கழிப் பனி விழத் தொடங்கியபோது காய் பிடித்துவிட்டது. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். பிஞ்சை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பழுக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். லீவு முடியவும் பழம் பழுக்கவும் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

5

இலங்கைக்குத் திரும்பிப் போகிறவன், புது ஆள் அல்ல என்று காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். கிராம முன்சீப் எழுதிக் கொடுத்தார். அதில் முத்திரை வாங்க உத்தமபாளையம் தாலுகா கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா ஊரில் இல்லை, மறுநாள் வருவார் என்றார்கள். சத்திரத்தில் படுத்திருந்து மறுநாள் பார்த்தேன்.

"தொழில்?"

"தோட்ட வேலைங்க."

"இந்தியாவில் விலாசம்?"

"மச்சான் வீரணன் வீடு, மார்க்கையன்கோட்டை."

"அது மச்சான் விலாசமய்யா. உன்னோடது?"

"இலங்கையில துரை பங்களா இருக்குங்க."

"அது துரை விலாசம்." பேனாவைக் கீழே வைத்தார். "நீ எங்கேயாவது ஒரு இடத்துல இருந்து தொலையேன். எனக்கு எழுத வசதியாயிருக்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

ஊர் திரும்பும்போது வெயில் சாயவில்லை. முற்றத்தில் பாய் விரித்து எதையோ காயப் போட்டிருந்தார்கள். சுண்டைவற்றல் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். செடிகள் மொட்டையாக நின்றன. இலை இருந்தது, உச்சியில் பூ இருந்தது. ஒரு காய் இல்லை.

திரும்பி வந்து பாயைப் பார்த்தேன். நாலு வகையும் கிடந்தது. ஒவ்வொரு காயையும் வாகாகக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, வரிசையாகப் பரப்பியிருந்தாள் பேச்சி. சுரைக்குடுக்கைச் சாதியைத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்திருந்தாள்.

"என்ன இது?"

"வத்தல்." முகமெல்லாம் சிரிப்பு. "நேத்தே பறிச்சு மோருல போட்டாச்சு. இன்னைக்கு மொத வெயிலு."

"இதை யாரு பறிக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்?" என்றாள் ராக்கம்மா உள்ளிருந்து. "சுண்டைன்னாலும் மணத்தக்காளின்னாலும் கொத்தாக் காய்க்கிறதைப் பச்சையிலதான பறிக்கிறது? பழுக்க விட்டா யாருக்கு ஆகும்? காக்காய்க்கு ஆகும்."

"இது பழுத்துத் திங்கிற சாதி!"

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பேச்சியின் கை பாயில் நின்றது. "நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.

அது உண்மை. காய்க்கும் என்று சொன்னேனே தவிர, பழுக்கும் என்று சொன்னதாக நினைவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். இத்தனை சிறிய காயைப் பழமாகத் தின்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் தோன்றாது.

"இத்தனை வத்தல் யாருக்கு?" என்றேன், குரலை இறக்கி.

"ஒங்களுக்குத்தான். கப்பல்ல கஞ்சி ஊத்துவாகன்னு சொல்வீகள்ல. தொட்டுக்கிறதுக்கு. அங்கன போயும் குளிருக்கு நாலு மாசம் வரும்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காயாகப் புரட்டிப் போட்டாள். நான் இருப்பதற்காகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம், இவள் நான் போவதற்கான மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். போகிற ஆளுக்குத்தானே வற்றல் போட்டுக் கொடுப்பார்கள்.

வீரணன் வயலிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "நல்ல சோடிதான். ஒருத்தர் இருக்கிறதுக்கு ஊனுறாரு, ஒருத்தி போறதுக்குக் காயப் போடுறா."

வற்றல் காய்ந்தபோது பாதிக்கு மேல் தோலும் விதையுமாகச் சுருங்கிவிட்டது. தண்ணிக் காய், சுண்டை மாதிரி சதை நிற்கவில்லை. ஆனாலும் ராக்கம்மா ஒரு கை எண்ணெயில் பொரித்தாள். உப்பும் புளிப்பும் கடைசியில் லேசான கசப்புமாக இருந்தது. மோசமில்லை. வீரணன் இரண்டாவது தடவை கஞ்சி வாங்கினான்.

"மாப்ள, காய்ச்சதைத் தின்னாச்சு" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சி சொன்ன சொல்லு தீந்துபோச்சு. லீவும் முடியப் போகுது. மூட்டையைக் கட்டுங்க, மூணு பேருமாக் கெளம்புங்க."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பேச்சியைப் பார்த்தேன். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்படியே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். ஆனால் கடன் கழித்த மாதிரி வந்திருப்பாள்.

"மேல இன்னும் பூ இருக்கு" என்றேன்.

அவள் நின்றாள். "லீவு?"

"போனாப் போகுது."

"வேல போயிரும்."

"போகும்."

"பெறகு என்மேல பழி சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

அவள் நம்பவில்லை. மீதி வற்றலைப் பானையில் போட்டு வாய் கட்டி வைத்துவிட்டாள்.

6

மார்கழி முடிந்தது. நுவரெலியாவிலிருந்து லீவில் வந்த ஒரு கம்பத்துக்காரர், பங்களாவில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று சொன்னார். அன்றைக்குச் செடிக்கு மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றினேன். வேறு செய்ய ஒன்றுமில்லை.

இந்த முறை பேச்சி காவலுக்கு நின்றாள். கோழியை மட்டுமல்ல, ராக்கம்மாவையும் விரட்டினாள். காய் வெளுத்து, மஞ்சளோடி, பிறகு நிறம் ஏறியது. முதலில் நிறம் வந்தது மிளகுச் சரத்துக்கு. தை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் நாலு சாதியும் பழுத்துவிட்டது. பள்ளத்தாக்கு வெயில் பட்டு, பழத்தைத் தொட்டால் சூடாக இருந்தது.

முதல் பறிப்பைச் சாமிக்கு வைக்காமல் தொடக் கூடாது என்று ராக்கம்மா ஒரு முறத்தில் வாங்கிக்கொண்டாள். வைத்துக் கும்பிட்டுவிட்டு, "சாமிக்குச் செவப்பு ஆகும். எனக்கு ஆகாது" என்று சொல்லி மஞ்சளை மட்டும் பொறுக்கிக்கொண்டாள்.

துரைசாணி மாதிரி தட்டில் வரிசை வைத்தேன். உப்புக் கல் பக்கத்தில். வீரணன் சிவப்பு உருண்டையை வாயில் போட்டுக் கடித்தான். அது உள்ளே வெடித்து, சாறு உதட்டோரம் பீறிட்டு ராக்கம்மாவின் சேலையில் அடித்தது.

"ஏலே! கிறுக்கா!" கட்டின புருஷனை அப்படித்தான் கூப்பிட்டாள். "வாயை மூடித் திங்கத் தெரியாதா?"

"வாயை மூடித்தான் தின்னேன்! மாப்ள, இது என்ன பட்டாசா?" மென்று முழுங்கிவிட்டு யோசித்தான். "புளியம்பிஞ்சைக் கருப்பட்டிப் பாகுல முக்குனாப்புல இருக்கு. இன்னொண்ணு குடுங்க, சரியாச் சொல்றேன்." அப்படியே ஆறேழு தின்றான்.

செல்லத்தாயி சுரைக்குடுக்கையைத்தான் எடுத்தாள். கழுத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல" என்று துப்பினாள். அது சரிதான். பார்க்க அழகு, வாயில் வெறும் தண்ணீர். பனியிலும் அப்படித்தான் இருந்தது, எங்கள் வெயிலிலும் அது மாறவில்லை.

மஞ்சள் உருண்டை வேறு பழமாகிவிட்டது. கண்ணாடி வீட்டில் சப்பென்று இருந்த பழம், இங்கே தேன் பட்ட மாதிரி. ராக்கம்மா சத்தமில்லாமல் தின்றுகொண்டேயிருந்தாள். மிளகுச் சரத்தை உப்போடு தின்ன வேண்டும் என்று நான் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றாகத் தின்னக் கூடாது, சரத்தையே வாயில் உருவ வேண்டும்.

பேச்சி எல்லாரும் முடிக்கும் வரை தொடவில்லை. பிறகு நாலிலும் ஒவ்வொன்று எடுத்தாள். நிதானமாகத் தின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

"எப்படி?" என்றேன்.

"வத்தலைவிட இது தேவல."

"அவ்வளவுதானா?"

"கொடுக்காப்புளிக்கும் கொய்யாவுக்கும் நடுவுல ஒண்ணு. மஞ்சள்தான் நல்லாருக்கு. குடுக்கையை இனி ஊன வேணாம், எடத்துக்குக் கேடு." அப்புறம் தட்டிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்க தின்னீகளா? ஊருக்கெல்லாம் ஊட்டிட்டு நிக்கிறீக."

தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கி முடித்த பிறகுதான் சொன்னாள். "வாரேன். ஆனா அங்கன போயும் இதே சொல்லுதான். எங்க இருந்தாலும் ஊனுனதைத் தின்னுட்டுத்தான் அடுத்த எடம். சம்மதமா?"

எனக்குப் போட்ட நிபந்தனைகளில் இதுதான் லேசானது என்று அப்போது நினைத்தேன். "சம்மதம்" என்றேன்.

7

மறுநாள் காலையில் பார்த்தபோது, நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து விதை எடுத்துக்கொண்டிருந்தாள். பாதியைச் சாணத்தில் பிசைந்து சுவரில் அப்பினாள். அது அண்ணன் வீட்டுக்கு. மீதியைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து, துணியில் முடிந்துகொண்டாள். சுரைக்குடுக்கை வேண்டாம் என்றவள் அதிலும் நாலு விதை எடுத்திருந்தாள். "புள்ளைக்கு வெளையாட" என்றாள்.

மண்டபம் கேம்ப்பில் நம் மூட்டை முடிச்சையெல்லாம் வாங்கி ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். நோய் ஒட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. விதை வெந்துவிடும் என்று நான் சொன்னதும் பேச்சி முடிச்சைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். பெண்களைச் சோதிக்கும் ஆயா தொட்டுப் பார்த்து, "என்னம்மா இது?" என்று கேட்டாளாம். "கொலசாமி துன்னூறு" என்றாளாம் இவள். ஆயா பயபக்தியோடு ஒரு விரல் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள். அன்று முழுவதும் ஒரு தக்காளி விதை அவள் நெற்றியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, சோற்று வரிசையில் நின்ற பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பங்களா வேலை போனது போனதுதான். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் அவள் கொழுந்து பறிக்கவும் சேர்ந்தோம். லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, காம்பிரா என்பார்கள். மழை, அட்டை, காய்ச்சல் எல்லாம் உண்டு. அதை எழுதிப் பயனில்லை, உங்களில் பாதிப் பேர் பார்த்ததுதான். லயத்துக்குப் பின்னால் விதை போட்டாள். மலைக் குளிரில் பழம் தாமதமாகத்தான் நிறம் ஏறும், பாதி அழுகும். ருசி நம்மூர்ப் பக்கம் வராது. ஆனால் மஞ்சள் அங்கேயும் ஓரளவு தாக்குப் பிடித்தது.

அட்டனில் ஒரு காய்ப்பு முடிந்ததும் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். ஏனோ நாள் நீண்டுகொண்டே போனது. கிளம்பலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு கொத்து பச்சையாக இருக்கும். அது பழுக்கட்டும் என்பாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே அழுகல் நோய் வந்து செடி மொத்தமும் கருகிய பிறகுதான் கணக்குத் தீர்த்துத் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு பதுளைக்கு வந்தோம்.

8

இந்த மாசம் கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் சேர்க்க ஒரு கங்காணி வந்திருந்தார். சண்டையினால் ரப்பருக்கு ஏக கிராக்கி, பால் வெட்ட ஆள் வேண்டும், குளிர் கிடையாது என்றார். பதிலை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். எனக்கு அன்றிரவே கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. குளிர் இல்லாத இடம் என்றால் தக்காளிக்கும் நல்லது என்று ஒரு நியாயமும் கிடைத்தது.

பேச்சியிடம் சொன்னேன். செல்லத்தாயி, "நான் வரல. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போனாள். பேச்சி எதிர்த்துப் பேசவில்லை. "செடியில என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"மேல ஒரு சரம். ஒரு வாரத்துல பழுத்துரும்."

"அப்ப அதைத் தின்னுட்டு யோசிப்போம்."

ஞாயிறு காலையில் தகரவாளியோடு பின்பக்கம் போனேன். சரம் சிவந்திருந்தது. செடிகள் அடியில் மஞ்சளித்து ஓய்ந்துவிட்டன. இனி இதில் ஒன்றுமில்லை. அடித்தண்டில் தண்ணீர் ஊற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன். பழைய செடிகளுக்கு நடுவில், ஒரு சாண் இடைவெளி விட்டு, வரிசை பிசகாமல் நாற்று நட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நாலு இலை. அடியில் சாம்பல் தூவியிருந்தது.

பேச்சி கொழுந்துக் கூடையை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இதை எப்ப ஊனுன?"

"போன மழைக்கு."

"இது காய்க்க இன்னும் மூணு மாசம் ஆகும். இந்தக் குளிருக்கு நாலுகூட ஆகும்."

"ஆகட்டுமே."

"அதுக்குள்ள இதுக்கு நடுவுல இன்னொரு வரிசை ஊனுவ."

"எடம் இருந்தா ஊனுறதுதான்" என்றாள்.

அட்டனில் இரண்டு வருஷம் எப்படிப் போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எல்லா வருஷமும் கீழே பார்த்திருக்கிறாள். சம்மதம் என்று சொன்னவன் நான். வாய்தவறிச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு மஞ்சள் பழத்தை விழுங்கிவிட்டு, தெளிவாகச் சொன்னது.

ரோட்டுப் பக்கம் கங்காணியின் குரல் கேட்டது. லயத்து ஆட்களிடம் பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு என்ன சொல்றது?" என்றேன்.

"இருக்கிறதைச் சொல்லுங்க. இப்பத்தான் நட்டுருக்கோம்னு சொல்லுங்க."

வாளியில் பாதித் தண்ணீர் மீதமிருந்தது. அதை வைத்துவிட்டுப் போய் அவரிடம் பேசியிருக்கலாம். நாற்று வாடியிருந்தது. முதலில் அதற்கு ஊற்றிவிட்டுப் போனேன்.